பழைய அப்சார்பரைப் புதுப்பிப்பதா, புதியது வாங்குவதா?

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை என்றே நாங்கள் இன்னமும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில், ஊரைவிட்டு எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டம் வரும். இல்லாவிட்டால் பழைய ஈயலம்பத்து (ஈயச் சுரங்கத்து) மணல்மேடும் குளமும் வரும். குவாட் என்னும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறவனுக்கு இவை இரண்டு வெவ்வேறு சோதனைகள். தோட்டச் சாலையில் டிராக்டரும் பழக்குலை ஏற்றும் லாரியும் மழைநாளில் உழுதுவிட்டுப் போன தடங்கள், நான்கு நாள் வெயிலில் காய்ந்து செங்கல்லாக இறுகி, சிறு சிறு வரப்புகளாக அடுத்தடுத்து நிற்கும். மணல்மேட்டில் சக்கரம் புதையும், சரிவில் இறங்கும்போது வண்டியின் எடை முழுவதும் முன்பக்கம் வந்து விழும். இந்த இரண்டையும் தாங்கவேண்டியது சக்கரத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், என் வண்டியின் மூன்று அப்சார்பர்கள்தாம். அவற்றைப் புதுப்பிப்பதா, கழற்றிப் போட்டுவிட்டு வெளிநிறுவனத் தயாரிப்பை வாங்குவதா என்ற கேள்வியோடு ஏறக்குறைய ஒரு வருடத்தைக் கழித்தேன். அதில் அறிந்துகொண்டதை, என்னைப் போலத் தோட்டப்புறத்தில் பழைய ஸ்போர்ட் குவாட் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது யமஹா ஒய்.எஃப்.இசட். 450. அந்த மாடல் முதன்முதலில் வந்த 2004-ஆம் ஆண்டு வகை, கார்புரேட்டர் பொருத்தியது. வாங்கும்போதே அது சில கைகள் மாறியிருந்தது. வேலை நாள்களில் அது கொட்டகையில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு, வேலை நடக்காத டிவிஷன்களில் ஓட்டுவேன். நான் செம்பனை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறவன். எண்ணெயும் சீலும் பேரிங்கும் எனக்கு அன்றாடப் பொருள்கள். ஆனாலும் என் சொந்த வண்டியின் அப்சார்பரைப் பற்றி நான் வைத்திருந்த கருத்துகளில் பாதி தவறானவை என்பது பின்னால்தான் தெரிந்தது.

கோளாறு இப்படித்தான் தொடங்கியது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் முதல் அரைமணி நேரம் நன்றாகவே ஓடும். அதன் பிறகு, வரப்பு வரப்பாகக் கிடக்கும் நீண்ட சாலையில் வேகமெடுத்தால், முதல் இரண்டு மூன்று வரப்புகளை ஒழுங்காகத் தாண்டும் பின்பக்கம், ஐந்தாவது ஆறாவது வரப்பில் என்னைத் தூக்கி ஹேண்டில் பாருக்கு மேலே தள்ளப் பார்க்கும். பாரிட்டு என்று நாங்கள் சொல்லும் தோட்ட வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பனங்கட்டைப் பாலத்தில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று அடிமட்டத்தில் இடிக்கும். என் அக்கா மகனும் ஒரு குவாட் வைத்திருக்கிறான், என்னைவிட வேகமாகவும் ஓட்டுவான். அவன் ஒருநாள் என் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, "மாமா, இத இன்னும் எத்தன நாளைக்கு வச்சி மாரடிக்கப் போறீங்க? எல்கா ஒரு செட் வாங்கிப் போட்டா கத முடிஞ்சிரும்" என்றான். எல்கா என்பது கனடாவில் அப்சார்பர் செய்யும் நிறுவனம். முன்பக்கத்துக்கு ஒரு ஜோடி, பின்பக்கத்துக்கு ஒன்று என்று அவன் காட்டிய விலை, கப்பல் செலவும் வரியும் சேர்ந்தால் 10,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான், என்னிடம் இருப்பது உண்மையிலேயே கெட்டுவிட்டதா, அல்லது கவனிப்பாரற்றுக் கிடக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்சார்பர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்யும் இரண்டு பொருள்கள். வெளியே தெரியும் ஸ்பிரிங் வண்டியின் எடையையும் ஓட்டுகிறவரின் எடையையும் சுமக்கிறது. உள்ளே இருக்கும் உருளையில், எண்ணெய்க்கு நடுவே, ஒரு தண்டின் நுனியில் பொருத்திய பிஸ்டன் போய்வருகிறது. அந்தப் பிஸ்டனின் துளைகளை மூடியபடி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றே அதிகத் தடிமன் கொண்ட எஃகு வட்டுகள் அடுக்காக இருக்கின்றன. ஷிம் என்று சொல்லப்படும் அந்த வட்டுகள் வளைந்து எண்ணெய்க்கு எவ்வளவு வழி விடுகின்றனவோ, அதைப் பொறுத்தே ஸ்பிரிங் அமுங்கும் வேகமும் திரும்பி எழும் வேகமும் அமைகின்றன. அதாவது ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, எண்ணெய் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எண்ணெய் வேகமாக ஓடும்போது பிஸ்டனுக்குப் பின்னால் குமிழிகள் உண்டாகாமல் இருக்க, பக்கத்தில் உள்ள சிறு கலத்தில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு அடைத்துவைக்கிறார்கள். அந்த அழுத்தம் போய்விட்டால் எண்ணெய் நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய்க்குத் தடுக்கும் சக்தி இல்லை. சூடு ஏற ஏற எண்ணெயின் பிசுக்கும் குறைகிறது. ஐந்தாவது வரப்பில் என்னைத் தூக்கி அடித்ததன் காரணம் இதுதான். ஸ்பிரிங் எழும்புவதைப் பிடித்து நிறுத்த உள்ளே எதுவும் மிச்சமில்லை.

ஆனால் அப்சார்பரின் மேல் பழிபோடுவதற்கு முன்னால் பார்க்கவேண்டியவை வேறு சில உண்டு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பணத்தை வீணாக்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. இந்த வண்டியில் பின் அப்சார்பரின் கீழ்முனை பின் சக்கரங்களைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு நேரடியாக இணையவில்லை. நடுவே லிங்கேஜ் என்னும் நெம்புகோல் இணைப்பு ஒன்று இருக்கிறது, அதற்குள் ஊசி பேரிங்குகள் இருக்கின்றன. தோட்டத்துச் சேறும், வண்டியைக் கழுவும்போது அழுத்தமாக அடிக்கும் தண்ணீரும் அந்தப் பேரிங்குகளுக்குள் புகுந்துவிடும். நான் லிங்கேஜைக் கழற்றியபோது, ஒரு பேரிங்கின் ஊசிகள் துருப்பிடித்து வளையத்தோடு ஒட்டிப்போய், விரலால் சுற்ற முயன்றால் அசையவே மறுத்தன. அந்த நிலையில் உலகத்திலேயே விலை உயர்ந்த அப்சார்பரைப் போட்டாலும் பின்பக்கம் மரக்கட்டையைப் போலத்தான் இருக்கும். முன்பக்கத்தில், சக்கரங்களைச் சட்டத்தோடு இணைக்கும் ஏ-ஆர்ம்களின் மூட்டுகளான புஷ்களும் பால் ஜாயிண்ட்களும் ஆடின. டயர் காற்றையும் பார்த்துவிட வேண்டும். குவாட் டயருக்கு வேண்டியது 4, 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்தம்) அளவுதான், மோட்டார் சைக்கிள் கடையில் பழக்கதோஷத்தில் 20 அடித்துவிட்டால் முன்பக்கம் கல்லாகிவிடும்.

முதலில் எங்கள் வட்டாரத்தில் ஒரு பட்டறையில் மூன்று அப்சார்பர்களையும் கொடுத்தேன். 'ரீபில்ட்' செய்து கொடுத்தார்கள், மலிவாகவும் இருந்தது. வெளியே பளபளப்பாகப் பெயின்ட் அடித்து, ஸ்பிரிங்கைத் துடைத்துக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் பின் அப்சார்பரின் தண்டைச் சுற்றி எண்ணெய் வளையம் தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டபோதுதான், சீலை மட்டும் மாற்றி, கையில் இருந்த ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றி, நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் கம்ப்ரசர் காற்றை அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு அன்று வந்த கோபம் சிறியதல்ல. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் கம்ப்ரசர் வழியாக அப்படியே கலத்துக்குள் போகிறது. சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி அழுத்தத்தை மாற்றுகிறது, உள்ளே அரிப்பையும் உண்டாக்குகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. 'டயர் கடையில்தான் நைட்ரஜன் அடிக்கிறார்களே' என்று சிலர் கேட்கிறார்கள். அப்சார்பர் கலத்துக்கு வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய 150 பி.எஸ்.ஐ.; அந்தக் கலமோ மிகச் சிறியது. சாதாரண அளவுகருவியை வைத்து எடுக்கும்போது 'புஸ்' என்று வெளியேறும் கொஞ்சம் வாயுவே அழுத்தத்தைப் பெரிதும் குறைத்துவிடும். அதற்கென்று உள்ள குழாய்முனையும் நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வேண்டும்.

அதன் பிறகு ஷா ஆலம் நகரில், மோட்டோகிராஸ் என்னும் மண்பாதைப் பந்தய மோட்டார் சைக்கிள்களின் ஃபோர்க்கையும் அப்சார்பரையும் மட்டுமே பார்க்கும் ஓர் அண்ணனைத் தேடிப் போனேன். "தம்பி, நின்னு பாருங்க. பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லி, என் கண்ணெதிரேயே பின் அப்சார்பரைத் திறந்தார். முதலில் வாயுவை விட்டார். வால்வை அழுத்தியபோது சீறல்கூட இல்லை, ஒரு மூச்சு மட்டும் வந்தது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சீல் தலையைக் கழற்றித் தண்டை வெளியே இழுத்தார். கூடவே வழிந்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்தார். பாதி கறுப்பு, பாதி பால் கலந்த காப்பி நிறம். தண்ணீர் புகுந்த எண்ணெய் அந்த நிறத்தில்தான் இருக்கும். ஆலையில் கியர்பாக்ஸ் எண்ணெயில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தட்டைச் சாய்த்தபோது அடியில் வெள்ளிப் பொடியைப் போல உலோகத் தூள் மின்னியது. பிறகு தண்டைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்து, "கண்ணால பாக்காதீங்க, நகத்தால பாருங்க" என்றார். குரோமின் மேல் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினேன். கண்ணுக்குத் தெரிந்த இரண்டு கோடுகளில் ஒன்றில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்றொன்றில் மயிரிழை அளவு தட்டியது. வழுக்குவது வெறும் கறை, தட்டுவது கீறல். அந்தக் கீறல்தான் புதிய சீலைத் தின்றுகொண்டிருந்தது. நல்லவேளையாக அது தண்டின் வெளிமுனையில், அப்சார்பர் முழுதாக அமுங்கினால் மட்டுமே சீலைத் தொடும் இடத்தில் இருந்தது. அவர் அதை மெல்லிய கல்லால் தேய்த்து மென்மையாக்கினார். உருளையின் உட்சுவரில் கீறல் இல்லை.

அங்கே மாற்றியவை சீல் தலை, ஓ-ரிங்குகள், பிஸ்டனைச் சுற்றியுள்ள வழவழப்பான பட்டை, இரு முனைகளிலும் உள்ள பேரிங்குகள், எண்ணெய் ஆகியவை. ஷிம் அடுக்கையும் என் எடைக்கும் தோட்டச் சாலைக்கும் ஏற்ப மாற்றி அடுக்கினார். தண்டின் விட்டமும் உருளையின் விட்டமும் தெரிந்தால் பொருந்தும் சீல் கிடைத்துவிடுகிறது. இவை ஜப்பானின் கயாபா தயாரித்த அப்சார்பர்கள், அவற்றைக் கையாளத் தெரிந்தவர்கள் மோட்டோகிராஸ் வட்டத்தில் இங்கே இருக்கிறார்கள். இது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் பட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கைப் பற்றித்தான் என் அறியாமை பெரிதாக இருந்தது. முன்பக்கம் இடிக்கிறது என்றதும், ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நம்பி, வருடக்கணக்காக அதை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். அப்படி ஆகாது. ஓர் அங்குலம் அமுங்குவதற்கு எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது அந்தக் கம்பியின் தடிமனாலும் சுற்றுகளின் எண்ணிக்கையாலும் விட்டத்தாலும் முடிவாகிவிட்டது. வளையத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது மாறாது. இறுக்குவதால் வண்டி உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அப்படி உயர்ந்து நிற்கும்போது சக்கரம் பள்ளத்துக்குள் கீழே இறங்குவதற்கு இடம் குறைந்துவிடுகிறது. வரப்பின் மேல் ஏறுவதற்கு அமுங்கும் தூரம் எவ்வளவு தேவையோ, வரப்புக்கு அடுத்த பள்ளத்தில் இறங்குவதற்கு நீளும் தூரமும் அவ்வளவு தேவை.

இதை அளந்து பார்க்கும் முறை எளியது, செலவும் இல்லை. வண்டியை ஜாக்கி வைத்துச் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே சட்டத்தில் ஓர் இடத்தைப் பேனாவால் குறித்து, இடைத்தூரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, இன்னொருவரை அதே இடைத்தூரத்தை அளக்கச் சொல்ல வேண்டும். வித்தியாசம்தான் வண்டி நம் எடையில் அமரும் அளவு. சக்கரம் மொத்தமாகப் பயணிக்கும் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கம். என் வண்டியின் முன் சக்கரப் பயணம் 230 மில்லிமீட்டர் அளவு. ஆகவே 75 மில்லிமீட்டர் அமர்வு போதும். என் மனைவி அளநாடாவைப் பிடித்துப் படித்த எண், வளையம் கடைசிவரை இறுக்கியிருந்தும், 104. நான் 94 கிலோ எடை உள்ளவன். வண்டியோடு யமஹா தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்பிரிங் இளைத்த உடம்புக்காரருக்காக அமைந்தது. அந்த 104-ஐப் பார்த்தபோதுதான் முன்பக்கம் இடிப்பதில் குற்றம் அப்சார்பருடையது அல்ல, ஸ்பிரிங்குக்கும் எனக்கும் உள்ள பொருத்தமின்மைதான் என்பது உறைத்தது. அப்சார்பரை மாற்றாமல், கெட்டியான ஸ்பிரிங்குகளை மட்டும் வரவழைத்தேன்.

வெளிநிறுவனத் தயாரிப்புகளைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அமெரிக்காவின் ஃபாக்ஸ், கனடாவின் எல்கா, ஸ்வீடனின் ஓலின்ஸ் ஆகியவை இந்தத் தொழிலில் ஊறிய பெயர்கள். 1976-இல் தொடங்கிய ஓலின்ஸ் நிறுவனத்தில் யமஹாவே 1987 முதல் 2007 வரை பெரும்பங்கு வைத்திருந்தது. அவற்றின் உயர்ந்த வகைகளில் மெதுவான அமுக்கத்துக்கும் திடீர் இடிக்கும் தனித்தனித் திருகுகள் இருக்கும். அதிக எண்ணெய் கொள்ளும் கலம் இருப்பதால் சூடு தாமதமாக ஏறும். சிறு மேட்டுக்கு மென்மையும் பெரிய குதிப்புக்குக் கெட்டியும் தரும்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங்குகளும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆர்டர் கொடுக்கும்போதே நம் எடையையும் வண்டியில் செய்த மாற்றங்களையும் ஓட்டும் இடத்தையும் கேட்டு அதற்கேற்ப அமைத்து அனுப்புகிறார்கள். ஆகவே, மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொருவர் பயன்படுத்திய செட்டை வாங்குகிறவர், அந்த இன்னொருவரின் எடையையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்கும் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், ஷிம் மாற்ற வேண்டும். செலவு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

அதோடு, நீளமான ஏ-ஆர்ம் போட்டு வண்டியை அகலப்படுத்த விரும்புகிறவர்களின் கணக்கு வேறு. ஆர்ம் நீண்டால் சக்கரம் நெம்புகோலின் நுனிக்குத் தள்ளிப் போகிறது, அப்சார்பர் இருக்கும் இடம் மாறுவதில்லை. எனவே அதே ஸ்பிரிங் மென்மையானதைப் போல நடந்துகொள்ளும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டும் பிரேக் குழாயும் நீள வேண்டும். அந்த ஆர்மின் அளவுக்கென்று செய்த அப்சார்பர் வேண்டும். பழையதைப் புதுப்பித்துப் பொருத்துவது அங்கே அரைகுறை வேலையாகிவிடும். என் அக்கா மகன் போட்டிகளில் ஓட்ட ஆசைப்படுகிறான், அகல ஆர்ம்களை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறான். அவனுக்கு எல்கா சரியான முடிவுதான் என்று நானே சொன்னேன். எனக்கு அகலம் தேவையில்லை. பாரிட்டின் மேல் கிடக்கும் கட்டைப் பாலங்களில் சக்கரம் விளிம்பைத் தொடாமல் போவதுதான் எனக்கு முக்கியம்.

புதுப்பிக்கவே முடியாத நிலைகளும் உண்டு. உருளையின் உட்சுவர் கீறிப்போயிருந்தால், தண்டு வளைந்திருந்தால், குரோம் உரிந்து துருக்குழிகள் விழுந்திருந்தால், அதற்குப் பணம் செலவழிப்பது வீண். சிறிய, மலிவான குவாட்களில் வரும் அப்சார்பர்கள் திறக்க முடியாதபடி அடைத்தே செய்யப்பட்டவை. அவற்றில் பேச்சுக்கே இடமில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

காரணத்தைப் பின்னால் சொல்கிறேன் என்றேன். எந்த அப்சார்பரும் ஒருமுறை வாங்கிப் போட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல. 200 வெள்ளி அப்சார்பராக இருந்தாலும் 5,000 வெள்ளி அப்சார்பராக இருந்தாலும் உள்ளே இருப்பது எண்ணெயும் ரப்பரும் வாயுவும்தான். நம் ஊர்ச் சேற்றிலும் மழையிலும் ஓட்டினால் வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து எண்ணெய் மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அப்சார்பரின் சீல் கசிந்தால், அதன் அளவுக்கு ஏற்ற சீலைத் தருவித்து, அதைத் திறக்கத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கும்வரை வண்டி கொட்டகையில் நிற்கும். ஆகவே வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இதைத் திறந்து நைட்ரஜன் அடைத்துத் தருகிறவர் யார்?' என்பதுதான். பதில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். எனக்கு அந்தப் பதில், கழற்றிக் கையில் வைத்திருந்த பழைய கயாபாவுக்கு இருந்தது.

மூன்று அப்சார்பர்களின் வேலை, புதிய ஸ்பிரிங்குகள், லிங்கேஜ் பேரிங்குகள், ஏ-ஆர்ம் புஷ்கள் எல்லாம் சேர்ந்து, அக்கா மகன் காட்டிய விலையில் கால் பங்கைத்தான் தொட்டது. முன் அமர்வு இப்போது 78 மில்லிமீட்டர், வளையத்தில் இன்னும் பாதி மரை மிச்சமிருக்கிறது. அப்சார்பரில் எண்ணெயின் தடையைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளை முழுதாக மூடி, அங்கிருந்து எத்தனை 'கிளிக்' திறந்தேன் என்பதை மார்க்கர் பேனாவால் ஏர்பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்; எண்ணெய் புதிதாக இருப்பதால் இரண்டு கிளிக் மாற்றினாலே வித்தியாசம் கைக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் எட்டு மாற்றினாலும் ஒன்றும் தெரியாது.

போன மாதம் அதே வரப்புச் சாலையில், காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி வெயில் உச்சிக்கு வரும்வரை ஓட்டினேன். கடைசிச் சுற்றில் நிறுத்தி இறங்கி, பின் அப்சார்பரின் கலத்தைத் தொட்டுப் பார்த்தேன். கையை வைத்திருக்க முடியாத சூடு. ஆனால் அந்தச் சுற்றின் ஆறாவது வரப்பிலும் பின் சக்கரங்கள் மண்ணைவிட்டுத் துள்ளவில்லை. தண்டைச் சுற்றித் துணியால் துடைத்தேன், துணி உலர்ந்தே இருந்தது. கீறல் இருந்த இடத்தை நகத்தால் மறுபடியும் தடவிப் பார்த்தேன். அடுத்த ஆண்டு எண்ணெய் மாற்றும்போது தண்டைப் புதிதாகக் குரோம் பூச வேண்டியிருக்கலாம் என்று ஷா ஆலம் அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியையும் ஏர்பாக்ஸ் மூடியில் எழுதிவிட்டேன்.